ஆறாவது லேத்

எங்கள் இலாகாவின் பரிசோதனைப் படிவத்தில் நாற்பத்து மூன்று கேள்விகள். எட்டு வருஷமாக அதை டைப் அடிக்கிறவள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கூரை எத்தனை அடி உயரம்? மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் எத்தனை? முதலுதவிப் பெட்டியில் டிங்க்சர் இருக்கிறதா? பிரின்ஸ்பால் அறையில் கடிகாரம் ஓடுகிறதா? இங்கே படிக்கிற பையனுக்கு வேலை தெரிகிறதா என்று மட்டும் ஒரு கேள்வி கிடையாது. அதைக் கேட்டுவிட்டால், பதில் சரியா என்று பார்க்க இன்ஸ்பெக்டருக்கும் கொஞ்சம் வேலை தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தொல்லையை யார் இழுத்துவிட்டுக்கொள்வார்கள்?

1978-ல் ஹைதராபாத்திலும் செகந்தராபாத்திலும் பெரிய பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலைகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. டர்னர், ஃபிட்டர், வெல்டர் என்று எது வேண்டுமானாலும் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தின் சர்ட்டிபிகேட்டோடுதான் வாசலை மிதிக்க முடியும். விடுவார்களா? சைக்கிள் கடை வைத்திருந்தவன், கல்யாண மண்டபம் நடத்தி நொடித்தவன், எல்லாரும் போர்டு மாட்டி பிரின்ஸ்பால் ஆகிவிட்டார்கள். இவர்களைக் கண்காணிக்க எங்கள் ஆபீஸில் மூன்று இன்ஸ்பெக்டர்கள், ஒரே ஒரு ஜீப். அந்த ஜீப்புக்கு செவ்வாய்க்கிழமை மட்டும் பெட்ரோல் உண்டு.

பரிசோதனைக்குப் பத்து நாள் முன்பே கடிதம் போய்விடும். அந்தப் பத்து நாளில் ஊர் முழுக்க சாமான்கள் யாத்திரை கிளம்பும். அல்வாலில் இருக்கிற ஒருவருடைய டிராயிங் மேஜைகள் பேகம்பேட்டுக்குப் போகும். பேகம்பேட்டிலிருந்து இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பதினாறு வைஸ்கள் வேறெங்கோ போகும். சிவப்பு வாளிகளுக்கோ ஓய்வே கிடையாது. யார் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும், அதுதான் இவர்களுக்குள் முறை. இன்று இல்லையென்று சொன்னவனுக்கு நாளைக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள். இன்ஸ்பெக்டர்களுக்கும் இது தெரியும். ஒரே வாளி எத்தனை இடத்தில் நம்மைப் பார்த்து சிரிக்கிறது என்று ஜீப்பில் பேசிச் சிரித்துக்கொள்வார்களாம்.

இந்தக் கூட்டத்தில் தேவசகாயம் என்று ஒரு பைத்தியக்காரர் இருந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் டர்னராக இருந்து ரிடையர் ஆனவர். மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு, பன்னிரண்டு பையன்களை வைத்துக்கொண்டு, நிஜமாகவே டர்னர் வேலை சொல்லிக்கொடுத்தார். அதனால்தான் பைத்தியக்காரர் என்கிறேன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் என் தம்பி வாசு.

வாசுவுக்கு அப்போது இருபத்து நாலு முடிந்து இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் வந்தால் இருபத்தைந்து முடிந்துவிடும். தொழிற்சாலையில் வயது வரம்பு இருபத்தைந்து. அப்பா போன பிறகு நாலு வருஷம் ஒரு ஹோட்டலில் பில் போட்டு வீணாக்கியவன், கடைசியில் இந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருந்தான். இரண்டு வருஷப் படிப்பு. ஜூலையில் ட்ரேட் டெஸ்ட் என்கிற கடைசிப் பரீட்சை, ஆகஸ்டில் தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பு. இந்த ஒரு வாய்ப்பு தப்பினால் அப்புறம் ஆயுசுக்கும் கிடையாது. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். காலண்டரில் செப்டம்பர் தாளைத் திருப்பிப் பார்க்க இரண்டு பேருக்கும் பயம்.

ஆனால் வேலை அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. ஒரு நாள் மரையும் திருகும் கடைந்து கொண்டுவந்து, "சுத்திப் பாருக்கா, எண்ணெய் போட்ட மாதிரி போறது பாரு" என்று என் கையில் கொடுத்தான். பத்துத் தடவை சுற்ற வைத்தான். அப்பா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தேவசகாயத்திடம் இரும்பு கடைகிற லேத் ஐந்து இருந்தன. ஐந்தும் தரையில் சிமென்ட் போட்டு, போல்ட் போட்டு இறுக்கியவை. பன்னிரண்டு பையன்களுக்கு ஆறு லேத் வேண்டும் என்பது விதி. ஆறாவதை ரயில்வே பழைய இரும்பு ஏலத்தில் எடுத்து, எட்டு மாதம் உட்கார்ந்து தானே பழுது பார்த்து ஓட வைத்திருந்தார். அதை மட்டும் தரையில் இறுக்கவில்லை. ஊர் முறை அவருக்கும் தெரியும் அல்லவா? அவருக்கு வாளியும் மேஜையும் கொடுக்கிறவர்களுக்கு அவர் பதிலுக்கு எதையாவது கொடுக்க வேண்டும். ஆறாவது லேத் அதற்காக இரும்புக் குழாய்கள்மேல் எப்போதும் பயணத்துக்குத் தயாராக நின்றது.

அதை அடிக்கடி வாங்குகிறவர் பேகம்பேட் நாராயணஸ்வாமி. கும்பகோணத்துக்காரர், ஜவுளி ஏஜெண்டாக வந்து பிரின்ஸ்பால் ஆனவர். மாடிக் கட்டடம், மூன்று பாஷையில் போர்டு, வரவேற்பறையில் சோபா, அறுபது பையன்கள். லேத் இரண்டு. அதில் ஒன்றுக்கு மோட்டார் கிடையாது. பையன்கள் நோட்டில் லேத் படம் வரைந்து, பாகங்களுக்குப் பெயர் எழுதி, கலர் அடிப்பார்கள். அதுதான் பயிற்சி.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் சாம்பசிவ ராவ் இரண்டு இடத்தையும் ஒரே நாளில் முடித்துவிடப் புறப்பட்டார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அடுத்த செவ்வாய் லீவு வேண்டும் என்பது காரணம். காலையில் மெட்டுகுடா. மத்தியானம் நாராயணஸ்வாமி உபயத்தில் செகந்தராபாத்தில் ஒரு ஹோட்டலில் சாப்பாடு. ஐஸ்கிரீம் வரைக்கும் இழுத்து இரண்டரை மணி நேரம் ஓடியது. மூன்று மணிக்கு பேகம்பேட். இடைப்பட்ட நேரத்தில் ஆறாவது லேத் லாரி ஏறிப் போய் அங்கே மாலை போட்டுக்கொண்டு நின்றது.

சாம்பசிவ ராவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. மற்ற இன்ஸ்பெக்டர்கள் "லேத் ஆறு" என்று எழுதிவிட்டுப் போவார்கள். இவர் குனிந்து, கண்ணாடியைத் துடைத்து, மெஷினில் அடித்திருக்கும் நம்பரையும் எழுதிக்கொள்வார். திருட்டுக்குத் துணை போனாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்க வேண்டும் அவருக்கு.

மறுநாள் இரண்டு அறிக்கையும் என் மேஜைக்கு வந்தன. மெட்டுகுடாவில் ஆறாவது லேத், கே.எல். 4417. டைப் அடித்தேன். தாளை உருவிவிட்டு அடுத்ததைச் செருகினேன். பேகம்பேட்டில் மூன்றாவது லேத், கே.எல். 4417. விரல் நின்றுவிட்டது. கீழே மதிப்பீடு: அறுபது பையன்களுக்கு மூன்றே லேத் காட்டின பேகம்பேட், 'மிக நன்று'. மெட்டுகுடா, 'சுமார், மணல் வாளி ஒன்று குறைவு'.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு சூப்பரின்டெண்ட் முன்னால் போய் நின்றேன்.

"ஒரே கம்பெனி செய்த மெஷின்னா ஒரே நம்பர் இருக்கும்மா" என்றார் அவர், தெலுங்கில், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

"இருக்காது சார். ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர்."

"உனக்கெப்படித் தெரியும்?"

என் தம்பி சொல்லித் தெரியும் என்று சொல்ல முடியுமா?

"டைப்பிஸ்டுக்கு விரல் இருந்தா போதும். கண்ணை வீட்டிலே வச்சுட்டு வா" என்றார். பக்கத்து மேஜைகளில் இருந்த இரண்டு கிளார்க்குகள் இதற்குச் சிரித்தார்கள். முதுகெலும்பு இருந்த இடத்தில் பேனா சொருகி வைத்திருக்கும் ஜன்மங்கள்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. திரும்பி வந்து, ஒரு அரைத் தாளில் 'இரு நிலையங்களின் அறிக்கையிலும் ஒரே இயந்திர எண் காணப்படுவது மேலிடத்தின் கவனத்துக்கு' என்று டைப் அடித்து, என் பெயரையும் போட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில் குத்தி மேலே அனுப்பிவிட்டேன். ஒரே மெஷினை இரண்டு பேர் தன்னது என்றால், யாருடையது என்று விசாரிப்பார்கள். விசாரித்தால் நாராயணஸ்வாமி மாட்டுவார். தேவசகாயத்துக்கு 'சுமார்' போட்டவர்கள் மூஞ்சியில் கரி. இதுதான் என் கணக்கு. எட்டு வருஷம் அந்த ஆபீஸில் குப்பை கொட்டினவளுக்கு இருந்த புத்தியின் லட்சணம் அது.

ஜாயின்ட் டைரக்டர் புதிதாக வந்தவர். 'நேரில் சென்று சரிபார்க்கவும்' என்று பச்சை மையில் எழுதிவிட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை. சாம்பசிவ ராவுக்கு லீவு ரத்து. கூட ஒரு ஆபீசர். இரண்டு நிலையத்துக்கும் கடிதம் நான்தான் அடித்தேன். பேகம்பேட் கடிதத்தை எங்கள் பியூன் அன்று சாயங்காலமே சைக்கிளில் கொண்டுபோய் நாராயணஸ்வாமி கையில் கொடுத்தான். தீபாவளிக்குத் தீபாவளி வேஷ்டி வாங்கித் தருகிறவர் ஆயிற்றே. மெட்டுகுடா கடிதம் தபாலில் போயிற்று. அது எல்லாம் முடிந்த மறுநாள், புதன்கிழமைதான் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. ஆபீஸ் விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று அப்பா பழக்கிய பழக்கம். அதோடு, தேவசகாயத்துக்கு என்ன முன்னெச்சரிக்கை வேண்டும்? லேத் அவருடையது, அவர் கொட்டகையில் இருக்கிறது, வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாதம் போடும்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு பேகம்பேட் லாரி மெட்டுகுடா வந்து நின்றது. "அவசரமா ஒரு பரிசோதனை, சாயங்காலம் திரும்பி வந்துடும்" என்றான் டிரைவர். போன வாரம்தான் நாராயணஸ்வாமியின் வாளிகளை வாங்கி வைத்திருந்த தேவசகாயம், எடுத்துக்கொண்டு போ என்றார். பையன்கள் குழாயை உருட்டி லேத்தை லாரியில் ஏற்றினார்கள். ஏற்றினவர்களில் வாசுவும் ஒருவன்.

பத்தரை மணிக்கு பேகம்பேட்டில் சரிபார்த்தார்கள். லேத் இருந்தது. நம்பர் இருந்தது. நாராயணஸ்வாமி நம்பர் போட்ட பில் ஒன்றும் காட்டினார். அவரிடம் எந்தச் சாமானுக்கும் பில் உண்டு, சாமான்தான் இருக்காது. ஒரு மணிக்கு மெட்டுகுடா வந்தார்கள். ஆறாவது லேத் இருந்த இடத்தில் நாலு குழாய் கிடந்தது.

"லேத் எங்கே?" என்றார் ஆபீசர்.

வேறு யாராக இருந்தாலும் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருப்பான். தேவசகாயம், "பேகம்பேட்டுக்கு குடுத்திருக்கேங்க. சாயங்காலம் வந்துரும்" என்றார்.

"உம்முடையது என்பதற்கு என்ன அத்தாட்சி?"

கிழவர் உள்ளே போய் ஒரு டப்பாவைத் துழாவி ரயில்வே ஏல ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் 'பழைய இரும்பு, 612 கிலோ' என்று இருந்தது. ஆபீசர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் லேத் எங்கே இருக்கிறது?" என்றாராம். ஒரு வாரம் முன்பு அதே கொட்டகையில் குனிந்து நம்பர் எழுதிய மனுஷன் சாம்பசிவ ராவ், அன்று குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதெல்லாம் அன்று சாயங்காலம் வாசு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். "யாரோ புகார் எழுதியிருக்கா. எந்த நாய்னு தெரியலை" என்றான்.

"நான்தான்டா" என்றேன்.

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். "கைக்கு அக்கா?" என்று மட்டும் கேட்டான். ஏன் என்று கேட்டவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது, நியாயமான பதில். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வரவேண்டிய லேத் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தேவசகாயம் நேரில் போய்க் கேட்டதற்கு நாராயணஸ்வாமி, "சர்க்கார் ரிக்கார்டுலே என்னுதுன்னு ஏறிடுத்தே ஓய், இப்போ உமக்குக் கொடுத்தா நான் ஜெயிலுக்குன்னா போகணும்?" என்று கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டாராம்.

மார்ச் முதல் வாரத்தில் உத்தரவு வந்தது. இரவல் இயந்திரத்தைக் காட்டி இலாகாவை ஏமாற்றிய குற்றத்துக்காக மெட்டுகுடா நிலையத்தின் அங்கீகாரம் ரத்து. இரவல் கொடுக்கல் வாங்கல் நடந்ததைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று தனியாக ஒரு பாரா. ஊரில் முக்கால்வாசிப் பேர் செய்கிறதை ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர், அதற்குத் தண்டனை. கடைசி பாராவில், அங்கே படித்த மாணவர்களின் வருகை நாட்கள் கணக்கில் கொள்ளப்படமாட்டாது, விரும்பினால் வேறு நிலையத்தில் முதலிலிருந்து சேரலாம் என்றிருந்தது. முதலிலிருந்து என்றால் இரண்டு வருஷம். மூன்று கார்பன் வைத்து அதை அடித்தவள் நான். ஒரு எழுத்துப் பிழை இல்லை. சூப்பரின்டெண்ட் பார்த்துவிட்டு, "பாத்தியா, விரல் மட்டும் வேலை செஞ்சா எவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார்.

ஆனால் எங்கள் இலாகாவில் மூடின கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஓட்டை உண்டு. பன்னிரண்டு பையன்களையும் நாராயணஸ்வாமி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வருகைப் பதிவேட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்னாலிருந்தே அவர்கள் பெயரை ஏற்றிவிடலாம். அவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. அவருடைய அறுபது பேரில் மெஷினைத் தொட்டவன் ஒருவனும் இல்லை. டெஸ்டில் நாலு பேராவது நிஜமாக வேலை செய்து காட்டினால் கௌரவமாக இருக்கும். தேவசகாயமும், "போங்கடா, என்னால உங்க பொழப்பு கெட வேணாம்" என்று பையன்களை அனுப்பிவிட்டார். பதினொரு பேர் போனார்கள். வாசு போகவில்லை.

நான் போனேன். பேகம்பேட் மாடி ஏறி, அந்த சோபாவில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். நாராயணஸ்வாமி வந்தார். என்னை யாரென்று தெரிந்துதான் வந்தார்.

"வாங்கோ வாங்கோ. உங்க தம்பியா அது? முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தச் சங்கடமே வந்திருக்காதே" என்றார். ஒரு குத்தல் இல்லை, ஒரு மிரட்டல் இல்லை. டிகிரி காபி வரவழைத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

"செப்டம்பர்லே வயசு தாண்டிடும் சார். பேரை ஏத்திண்டா போதும்" என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அதுக்கென்ன? இதுலே கையெழுத்து வாங்கிண்டு வந்துடுங்கோ" என்று ஒரு தாளை நீட்டினார். மற்ற பதினொரு பேரும் கையெழுத்துப் போட்ட அதே வாசகம். 'நான் ஆரம்பம் முதல் பேகம்பேட் நிலையத்தில் மட்டுமே பயின்றேன். மெட்டுகுடா நிலையத்தில் எனக்கு எந்தப் பயிற்சியும் அளிக்கப்படவில்லை.'

வீட்டுக்கு வந்து வாசுவிடம் கொடுத்தேன். படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"நக்கோ அக்கா, வேண்டாம்."

"யாருடா இதைப் படிக்கப் போறா? ஃபைல்லே போட்டுக் கட்டி வச்சுடுவா. எட்டு வருஷமா பாத்துண்டிருக்கேன்."

"நான் படிச்சுட்டேனே."

"செப்டம்பர்லே..."

"தெரியும்."

"அவரே போகச் சொல்லிட்டார்டா. உனக்கென்ன வீம்பு?"

"அவர் போன்னுதான் சொன்னார். எனக்கு ஒண்ணும் சொல்லித் தரலைன்னு எழுதிக் கொடுன்னு சொல்லலையே" என்றான். "கையைப் பிடிச்சு டூல் தீட்டச் சொல்லிக் கொடுத்த மனுஷன்க்கா. என்னால முடியாது."

நான் கத்தினேன். அப்பாவை இழுத்தேன், என் கல்யாணம் தள்ளிப்போனதை இழுத்தேன், பட்டினி கிடப்பேன் என்றேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவன் கையெழுத்து எனக்குத் தெரியும். சின்ன வயசில் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை நான்தான் அவனுக்குப் போட்டுக் கொடுப்பேன். அந்தத் தாளை எடுத்து, வாசு என்று போட்டேன். மறுநாள் லஞ்சில் பேகம்பேட் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஊரில் உள்ள மோசடியை எல்லாம் அரைத் தாளில் டைப் அடித்து மேலிடத்துக்கு அனுப்பின உத்தமி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாக வீடு திரும்பினாள். அன்றைக்கு எனக்கு உறுத்தலே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் ட்ரேட் டெஸ்டுக்கான ஹால் டிக்கெட் வந்தது. பெயர், வாசு. நிலையம், பேகம்பேட். தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான்; அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது யார் என்று அவனுக்குக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஹால் டிக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தான். டெஸ்ட் அன்று வழக்கம்போல் எழுந்து, ராணிகஞ்சில் ஒரு லேத் பட்டறைக்கு தினக்கூலி வேலைக்குப் போய்விட்டான்.

பேகம்பேட் நிலையத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. சாம்பசிவ ராவுக்கு பதவி உயர்வு கிடைத்தது. தேவசகாயம் மீதி ஐந்து லேத்தையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு திருப்பத்தூர் பக்கம் மகளோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அவர் முகத்தில் விழிக்கும் தைரியம் வரவில்லை. செப்டம்பரும் வந்து போயிற்று.

அடுத்த வருஷம் ராணிகஞ்ச் பட்டறை மூடிவிட்டது. வாசு ஒரு லேபர் காண்ட்ராக்டர் மூலமாக அதே பெரிய தொழிற்சாலைக்குள் போனான். ஹெல்பர். லேத்துக்கு அடியில் சேரும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுகிற வேலை. கேட்டில் அவனுக்கு மட்டும் தனி வரிசை, தனி பாஸ். உள்ளே கான்டீனில் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும்தான் சாப்பாடு. இவன் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே மரத்தடிக்கு வந்து சாப்பிட வேண்டும்.

இரண்டாவது மாதமே அவன் கூட்டுகிற வேலையை விட்டு மெஷினில் நின்றுவிட்டான். அந்த லேத்துக்கு உரிய டர்னர் குணசேகரன் என்ற பையன், பேகம்பேட் சர்ட்டிபிகேட். லேத்தின் சக்கில் இரும்பை எப்படிக் கவ்வவைப்பது என்று தெரியாமல் முதல் வாரமே இரண்டு டூலை உடைத்தவன். வாசு வேலை செய்வான், குணசேகரன் பக்கத்தில் நின்று பார்ப்பான், வேலைக் கார்டில் குணசேகரன் பெயர் ஏறும். சூப்பர்வைசருக்குத் தெரியும். வேலை நடந்தால் சரி என்று விட்டிருந்தார்.

"உனக்கு வயிறு எரியலையாடா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நல்ல பையன்க்கா. சொல்லிக் கொடுத்தா டக்குனு பிடிச்சுக்கறான். அவனுக்கு யாரும் சொல்லித் தரலை, அவன் என்ன பண்ணுவான்?" என்றான்.

குணசேகரனுக்கு வேலை நிரந்தரமான அன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்வீட் பாக்கெட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். மீசை சரியாக முளைக்காத முகம். கையில் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, நான் தடுப்பதற்குள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். காபி கொடுத்தேன். வாசு குளித்துக்கொண்டிருந்தான்.

"வாசு அண்ணா இல்லேன்னா என்னை அப்பவே வெளிய அனுப்பியிருப்பாங்க அக்கா" என்றான். "டூல் தீட்டறதுலேர்ந்து எல்லாம் அவர் சொல்லிக் குடுத்ததுதான். இவ்வளவு தெரிஞ்சவர் ஏன் ஹெல்பரா இருக்கார்னு ஷாப்ல எல்லாரும் கேக்கறாங்க. அண்ணா எங்க படிச்சார்?"

நான் பதில் சொல்வதற்குள் வாசு துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "மெட்டுகுடாலே. தேவசகாயம் சார்கிட்டே" என்றான்.

குணசேகரனின் முகம் வாடிவிட்டது. நிஜமான இரக்கம் அது, நடிப்பில்லை.

"ஹவ், ஆமா, கேள்விப்பட்டிருக்கேன் அண்ணா. அது ஏமாத்து இன்ஸ்டிட்யூட்டாமே. கவர்மெண்டே வந்து பாத்து மூடிட்டாங்களாம். பாவம், உங்களையும் ஏமாத்திட்டாங்களா?"

வாசு துவட்டுவதை நிறுத்தவில்லை. குணசேகரன் கையில் இருந்த டம்ளரில் பாதிக் காபி மிச்சம் இருந்தது. நான் எழுந்து போய் அதை அவன் கையிலிருந்து வாங்கி, முற்றத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். திரும்பி வந்தபோது அந்தப் பையன் பயந்துபோய் எழுந்து நின்றுகொண்டிருந்தான். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் வாசுவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, உட்கார் என்று அவனிடம் சொல்ல வேண்டும்; நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.